செடிக்குள்ளே குடியிருக்கும் பாக்டீரியா: ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன புரட்டாசியில் மிளகாய் விதைக்கு நேர்த்தி செய்துகொண்டிருந்தேன். வரப்பில் வந்து நின்ற சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாக்டீரியாவைக் கொல்லத்தானேடா ஊரெல்லாம் மருந்து அடிக்குது, நீ காசு கொடுத்து வாங்கி விதையில பூசுற?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதன் பிறகு திருப்புல்லாணி, தேவிபட்டினம், ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. கொஞ்சம் முண்டு மிளகாயும் கொஞ்சம் மானாவாரி நெல்லும் போடுகிறவன், இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

செடிக்குள்ளே பாக்டீரியா இருந்தால் அது நோய்தானே?

இல்லை. நல்லா இருக்கிற செடிக்குள்ளேயும் பாக்டீரியா இருக்கிறது. உங்கள் வயலில் பச்சைப்பசேல் என்று நிற்கிற மிளகாய்ச் செடியின் வேரை எடுத்து, சாராயத்திலும் குளோரின் கரைசலிலும் கழுவி, வெளியே ஒட்டியிருக்கிற கிருமி எல்லாம் செத்த பிறகு அரைத்து ஆய்வகத் தட்டில் தடவினால், இரண்டு மூன்று நாளில் புள்ளி புள்ளியாக பாக்டீரியா வளர்ந்து நிற்கும். வெளியே இருந்ததைத்தான் கொன்றாயிற்றே, அப்படியென்றால் இவை உள்ளே இருந்தவை. ஒரு கிராம் வேரில் ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை இருக்கலாம். தண்டிலும் இலையிலும் குறைவு. இவற்றுக்கு எண்டோஃபைட் என்று பேர், தமிழில் உள்வாழ் பாக்டீரியா என்று சொல்லலாம். செடிக்குள் வாழும் நுண்ணுயிர்களுக்கு இந்தப் பேரை வைத்தவர் ஆன்டன் டி பாரி என்கிற ஜெர்மன்காரர், 1866-இல்.

நம் குடலில் கிருமி இல்லாவிட்டால் சோறு செரிக்காது என்கிறார்களே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

உள்ளே எப்படிப் போகும்? வாசல் எது?

பெரிய வாசல், பக்கவேர் வெடித்து வருகிற இடம். தாய்வேரின் தோலைக் கிழித்துக்கொண்டுதான் பக்கவேர் வெளியே வரும், அந்தக் கீறல் வழியாக நுழைந்துவிடும். அப்புறம் வேர்த்தூவி, இலைத்துளை, இலை ஓரத்தில் காலையில் நீர் சொட்டுகிற துளை, பூச்சி கடித்த காயம், களை வெட்டும்போது மண்வெட்டி பட்ட காயம். உள்ளே போனதும் பெரும்பாலும் செல்லுக்குள் போகாது, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கிற சந்தில் தங்கும். சில வகை நீர் ஏறுகிற குழாய் வழியாகத் தண்டுக்கும் இலைக்கும் ஏறிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள், நோய்க்கிருமிக்கும் இதே வாசல்தான். வாடல் நோயைக் கொண்டுவருகிற ரால்ஸ்டோனியாவும் வேர்க் காயம் வழியாகத்தான் வருகிறது, அதே நீர்க்குழாயில்தான் ஏறுகிறது. ஆக, முதலில் யார் வந்து இடம் பிடிக்கிறார்கள் என்பதுதான் பாதிச் சண்டை. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி.

உயிர் உரம் என்று விற்கிற அசோஸ்பைரில்லமும் ரைசோபியமும் இதில் சேர்த்தியா?

ரைசோபியம் உளுந்து, கடலை வேரில் முடிச்சுக் கட்டி அதற்குள் இருக்கும், அது தனிக் குடித்தனம். அசோஸ்பைரில்லம் பாதி வெளியே பாதி உள்ளே. முடிச்சே இல்லாமல் செடிக்குள் இருந்து தழைச்சத்து பிடிக்கிற வகைக்கு நல்ல உதாரணம் கரும்பு. பிரேசிலில் 1988-இல் கரும்புக்குள்ளிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள், இன்றைக்கு அதன் பேர் குளுகோனஅசிட்டோபாக்டர். நம் பக்கம் கரும்பு கிடையாது என்பதால் இத்தோடு விடுகிறேன்.

உள்ளே உட்கார்ந்துகொண்டு நோயை எப்படித் தடுக்கிறது?

நான்கைந்து வழி இருக்கிறது, ஒரே பாக்டீரியா எல்லாவற்றையும் செய்யும் என்று நினைக்க வேண்டாம்.

இடம் பிடிப்பதைச் சொல்லிவிட்டேன். அடுத்தது நேரடிச் சண்டை. பேசிலஸ் சப்டிலிஸ் வகை இட்யூரின், ஃபெஞ்சிசின் மாதிரி பொருள்களைச் சுரக்கும், அவை பூஞ்சையின் தோலில் ஓட்டை போடும். சூடோமோனாஸ் வகையும் தனக்கென்று சில நஞ்சுகளை வைத்திருக்கிறது.

மூன்றாவது இரும்புத் திருட்டு. பூஞ்சைக்கும் இரும்புச்சத்து வேண்டும், பாக்டீரியாவுக்கும் வேண்டும். சூடோமோனாஸ், சிடரோஃபோர் என்கிற ஒரு பொருளைத் தூண்டில் மாதிரி வெளியே விட்டு, மண்ணில் இருக்கிற இரும்பைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். பூஞ்சை பட்டினி கிடக்கும். நம் பக்கத்து மண் பல இடங்களில் காரத்தன்மை கூடியது, அதில் இரும்பு இருந்தாலும் சுலபமாகக் கரையாது. கிடைக்கிறதே கொஞ்சம், அதையும் ஒருவன் வாரிக்கொண்டால் மற்றவன் பாடு திண்டாட்டம்தான்.

நான்காவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நெதர்லாந்தில் கார்னேஷன் பூச்செடியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 1991-இல் வெளியானது. சூடோமோனாஸை வேரில் விட்டார்கள், வாடல் பூஞ்சையைத் தண்டில் ஊசி மாதிரி ஏற்றினார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆனாலும் வாடல் குறைந்தது. அப்படியென்றால் சண்டை போட்டது பாக்டீரியா இல்லை, செடியே போட்டிருக்கிறது. வேரில் வந்து உட்கார்ந்தவனைப் பார்த்துச் செடி உஷாராகி, உடம்பு முழுக்கக் காவலைத் தயார் நிலையில் வைத்துவிட்டது. அம்மை குத்திக்கொள்கிற மாதிரி என்று சொல்லலாம், ஆனால் முழுக்க அப்படி இல்லை. குறிப்பிட்ட ஒரு நோய்க்கு மட்டும் அல்ல, பொதுவாகவே செடி கொஞ்சம் சீக்கிரம் எதிர்வினை காட்டும், அவ்வளவுதான். நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விதையிலேயே இந்த பாக்டீரியா இருக்குமா?

இருக்கும். நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

சீனாவில் நெல்லில் செய்த ஒரு ஆராய்ச்சி 2021-இல் வந்தது. ஒரே நெல் ரகம்தான், ஆனால் சில இடத்துப் பயிர் நாற்றுக் கருகலுக்குத் தாக்குப்பிடித்தது, சில இடத்துப் பயிர் விழுந்துவிட்டது. ரகம் ஒன்று என்னும்போது வித்தியாசம் எங்கே என்று தேடினார்கள். தாக்குப்பிடித்த பயிரின் விதைக்குள்ளே ஸ்ஃபிங்கோமோனாஸ் மெலோனிஸ் என்கிற பாக்டீரியா குடியிருந்தது, தலைமுறை தலைமுறையாக விதை வழியாகவே போய்க்கொண்டும் இருந்தது. அது ஆந்த்ரானிலிக் அமிலம் என்று ஒன்றைச் சுரக்கிறது. நோய்க்கிருமியை அது கொல்லுவதில்லை, நஞ்சு சுரக்கச் சொல்லும் கட்டளையைத்தான் குழப்பிவிடுகிறது. இதே பாக்டீரியாவை நோய்க்கு விழுகிற பயிருக்குக் கொடுத்தபோது அதுவும் தாக்குப்பிடித்தது.

இது நம் நெல்லில் நம் நோய்க்கு நடந்த சோதனை இல்லை. ஆனால் இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. கண்மாய் மடைக்குப் பக்கத்துத் துண்டில் நோயில்லாமல் நின்ற சித்திரைக்கார் நெல்லை மட்டும் தனியாக அறுத்து விதைக்கு எடுத்துவைக்கும். "நின்னதோட விதை நிக்கும்" என்று சொல்லும். மரபுக்குணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூடவே உள்ளே குடியிருப்பவர்களையும் சேர்த்து எடுத்துவைத்திருக்கலாம் என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்னமும் நம்மில் பலர் சொந்த விதைதான் எடுக்கிறோம், இது பெரிய சொத்து. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. விதை வழியாக நல்லவன் வருகிற மாதிரியே கெட்டவனும் வருவான். பழ அழுகலையும் நுனிக்கருகலையும் உண்டாக்குகிற கொல்லிடோடிரைக்கம் பூஞ்சை விதையோடுதான் அடுத்த வருசத்துக்குப் போகிறது. களத்தில் காய்ந்த வத்தலில் விற்றது போக, விலைபோகாமல் ஒதுங்கிய சண்டு வத்தலை உதிர்த்து விதைக்கு வைக்கிற பழக்கம் சில வீட்டில் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். வெள்ளையடித்த பழம், கரும்புள்ளி விழுந்த பழம் எதுவும் விதைக்கு ஆகாது. நான் செடி நிற்கும்போதே வாடாத, சுருளாத செடியாகப் பார்த்துத் துணி கட்டி அடையாளம் வைத்துவிடுவேன், இரண்டாம் பறிப்புப் பழத்தை நிழலில் உலர்த்தி எடுப்பேன்.

செடி வாடிவிட்டது, இப்போது ஊற்றினால் பிழைக்குமா?

பிழைக்காது. இதை நேராகச் சொல்லாமல் பொட்டலம் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நீர்க்குழாய் அடைபட்ட பிறகு எந்த நல்ல பாக்டீரியா வந்தும் அதைத் திறக்காது.

அதற்கு முன் எந்த வாடல் என்று பாருங்கள். வாடின செடியின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து வெட்டுவாய் மட்டும் முங்குகிற மாதிரி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். ஒன்றும் இறங்காமல், தண்டை நெடுக்கே பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் ஃபியூசேரியம் பூஞ்சை வாடல். ஐந்து காசு செலவில்லாத சோதனை. எதுவாக இருந்தாலும் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, பக்கத்தில் இன்னும் வாடாமல் நிற்கிற செடிகளின் தூரில் வேண்டுமானால் ஊற்றுங்கள். வாடின செடி நின்ற குழியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் ஓட விடாதீர்கள்.

இலைச்சுருட்டைக்கு?

அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருவது. இலைப்பேன், சிலந்திப்பேன் கடித்தாலும் இலை சுருளும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்வாழ் பாக்டீரியா வைரஸை நேராகத் தொடாது. செடியை உஷாராக்குகிற வழியில் ஓரளவு குறைக்கலாம் என்பதற்கு வாழையில் சான்று உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் முடிக்கொத்து என்கிற வைரஸ் நோய்க்கு எதிராக சூடோமோனாஸையும் வாழைக்குள்ளிருந்தே எடுத்த பாக்டீரியாவையும் சோதித்து, நோய் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். திசு வளர்ப்புக் கன்று ஆய்வகத்தில் கிருமியே இல்லாமல் வளர்வது, அதற்குக் குடிவைத்து அனுப்புவது நல்ல யோசனைதான். மிளகாய்க்கு இதை நம்பி வெள்ளை ஈயை விட்டுவிடக் கூடாது.

எங்கள் மண் உப்பு. இதெல்லாம் இங்கே வேலை செய்யுமா?

கடற்கரை ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது இதுதான். மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் தாண்டினால் உவர் மண் என்பார்கள். கோடையில் கிணற்றுத் தண்ணீரே வாயில் வைக்க முடியாத ஊர்கள் நம்மிடம் உண்டு.

உப்பு தாக்கும்போது செடி எத்திலீன் என்கிற வாயுவை அதிகமாக உண்டாக்கும். வாழைக்காய் பழுக்க உதவுகிற அதே எத்திலீன்தான். அது கூடிப்போனால் வேர் வளர்வதை நிறுத்திவிடும், இலை முன்கூட்டியே உதிரும். எத்திலீனுக்கு மூலப்பொருள் ஏசிசி என்று ஒன்று. சில பாக்டீரியாக்கள் அந்த ஏசிசியை உடைத்துச் சாப்பிட்டுவிடும், அப்போது எத்திலீன் குறையும், வேர் தொடர்ந்து இறங்கும். இஸ்ரேலின் அராவா பாலைவனத்துக் காய்ந்த ஓடை மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, உப்புத் தண்ணீர் விட்ட தக்காளி நாற்றின் எடையைக் கூட்டியது என்று 2004-இல் காட்டினார்கள். அதே வருசம் இன்னொரு செய்தி, இது நம் வீட்டுப் பக்கம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டோடு சேர்ந்து உப்புச் சேற்றில் வளர்கிற ஒரு காட்டு நெல்லின் வேரிலும் தண்டிலும் புதுசாக ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, எம்.எஸ். சுவாமிநாதன் பேரில் ஸ்வாமிநாதனியா சாலிடோலரன்ஸ் என்று பேர் வைத்தார்கள். உப்பு இருக்கும்போதே தழைச்சத்தைப் பிடிக்கும், மணிச்சத்தையும் கரைக்கும். காரங்காட்டு அலையாத்தியிலும், உப்பளத்து ஓரம் சிவந்து கிடக்கிற உமரிச் செடியிலும் என்னென்ன குடியிருக்கிறதோ என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் வயலுக்கு வாருங்கள். சாதாரணப் பொட்டலத்து பாக்டீரியா கடும் உப்பில் பாதி செத்துப்போகும். மழை பெய்து உப்பு கீழே இறங்கிய பிறகு கொடுங்கள், வெறும் மண்ணில் தூவாமல் மட்கிய எருவோடு கொடுங்கள். கிடை போட்ட வயல், கண்மாய் வண்டல் அடித்த வயல் இரண்டிலும் நன்றாகப் பிடிக்கிறது, தின்ன ஏதாவது இருந்தால்தானே அவனும் தங்குவான்.

எதை வாங்குவது, எவ்வளவு போடுவது?

சுலபமாகக் கிடைப்பது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், டால்க் பொடியாக. விதைக்கு ஒரு கிலோவுக்கு 10 கிராம். வயலுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ, 20 கிலோ மட்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஈரம் இருக்கும்போது சாயங்காலம் தூவ வேண்டும். புழுதி விதைப்பு நெல்லுக்கு விதையோடு கொடுப்பதுதான் வசதி. ஆனால் ஐப்பசி வரை மழை இழுத்தடித்தால் சுடுபுழுதியில் அது தாங்காது, முளைத்த பிறகு இன்னொரு முறை எருவோடு கொடுக்க வேண்டியிருக்கும். பேசிலஸ் வித்து மாதிரி உறை போட்டுக்கொள்ளும், வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அது தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை கூட.

இலையில் தெளிப்பதற்கு பிபிஎஃப்எம் என்று ஒன்று கிடைக்கும். இலைத்துளை வழியாக வருகிற மெத்தனாலைத் தின்று வாழ்கிற ரோஸ் நிற பாக்டீரியா. நோய்க்கு அல்ல, வறட்சியைத் தாங்குவதற்கு. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் என்கிற கணக்கு.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். எனக்கு ஒருமுறை தகரக் கொட்டகைக் கடையில் ஜன்னலோரம் வெயிலில் கிடந்த பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார்கள், நானும் பார்க்காமல் வாங்கிவந்துவிட்டேன். காலாவதியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த வருசம் நான் விதையில் பூசியது வெறும் முகப்பவுடர். சூடோமோனாஸ் பூச்சிமருந்துச் சட்டம் 1968-இன் கீழ் பதிவு செய்து விற்க வேண்டிய சரக்கு, பதிவு எண் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

ரசாயன மருந்தோடு கலக்கலாமா?

தாமிர மருந்தோடு கூடாது. ஆன்டிபயாடிக் மருந்தோடு கூடவே கூடாது, அது பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே இருப்பது, நல்லவன் கெட்டவன் பார்க்காது. டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சையோடு சேர்க்கலாம். மற்றவற்றுக்கு நான் பத்து நாள் இடைவெளி விடுகிறேன். ஒரு நாள் தாமிரம் அடித்த டேங்கைக் கழுவாமல் அதிலேயே சூடோமோனாஸ் கரைப்பதும் கலப்பதுதான். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஊரணித் தண்ணீர் போதும்.

தென்னைக்கு உண்டா?

அடித்தண்டழுகலுக்கு, அதாவது தஞ்சாவூர் வாடல் என்கிறோமே, அதற்கு உண்டு. மரத்துக்கு வருசம் சூடோமோனாஸ் 200 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ, 50 கிலோ தொழுவுரம். உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்து மணல் தோப்புக்காரர்கள் சாறு வடிந்த பிறகு கேட்கிறார்கள். பக்கத்து மரம் வடியும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

உமரிச் செடியை அரைத்து நானே பெருக்கிக்கொள்ளலாமா? யூடியூபில் காட்டுகிறார்களே?

வேண்டாம். வெல்லமும் மாவும் போட்ட டிரம்மில் எது பெருகும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. 1950-இல் பர்க்ஹோல்டர் என்கிற அமெரிக்கர் வெங்காயத்தை அழுகவைக்கிற ஒரு பாக்டீரியாவை விவரித்தார். அதன் குடும்பம் பல செடிகளுக்குள்ளே சாதுவாகக் குடியிருப்பது பின்னால் தெரிந்தது, பூஞ்சையை நன்றாக அடக்குகிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்கும் கொண்டுவந்தார்கள். அப்புறம் பார்த்தால் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அதுவே உயிருக்கு உலைவைக்கிறது. அமெரிக்காவில் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். ஒரே ஆள், மூன்று வேஷம். பஞ்சகவ்யம் போடுகிறவர்கள் போடுங்கள், அதில் சத்து இருக்கிறது, ஆனால் அதை நோய்த்தடுப்பு பாக்டீரியா என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் மிளகாயைத் தின்கிற நமக்கு?

பதிவு பெற்ற பாக்டீரியாவுக்குப் பாதுகாப்புச் சோதனை உண்டு. பொடியை மூக்கில் ஏற்றாமல் துண்டைக் கட்டிக்கொண்டு கலக்குங்கள், போதும்.

போட்டேன், ஒரு பலனும் தெரியவில்லையே?

தெரியாமல் போகலாம். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்தது வயலில் சறுக்குவது இந்தத் துறையின் பழைய தலைவலி. மண்ணில் ஏற்கெனவே இருக்கிற கூட்டம் புது ஆளை உள்ளே விடாது, ரகத்துக்கு ரகம் செடி வேறு ஆளைத்தான் சேர்த்துக்கொள்ளும், மழை ஏமாற்றும். அதோடு, நோய் வராத வருசத்தில் பாக்டீரியாவால் வரவில்லையா, தானாகவே வரவில்லையா என்று எப்படிச் சொல்வது?

அதனால் நான் இப்படிச் செய்கிறேன். பூசிய விதையை எல்லா இடத்திலும் போடாமல், வயலின் நடுவே நாலு பாத்திக்கு மட்டும் பூசாத விதை, நாலு மூலையிலும் பனைமட்டை ஊன்றி அடையாளம். தையில் வாடின செடியை இரண்டு பக்கமும் எண்ணுகிறேன். போன வருசம் பூசிய பக்கம் குறைவாகத்தான் வாடியது. அதற்கு முந்தின வருசம் இரண்டும் ஒன்றுபோல இருந்தது, அது அந்த முகப்பவுடர் வருசம். இந்த வருசம் சித்தப்பாவும் இரண்டு பாத்தி கேட்டிருக்கிறார், பூசாத பக்கத்துக்கு மட்டை ஊன்றும் வேலையை மட்டும் என்னையே செய்யச் சொல்லிவிட்டார்.